வேலி தாண்டி விழும் தேங்காய்

சரஸ்வதி பூஜைக்கு முந்தின சாயங்காலம் பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறைகளில் இரும்பு வெட்டும் சத்தம் ஓய்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் எந்திரத்தின் மூலைமுடுக்கெல்லாம் துடைப்பார்கள். தரையில் சுருள் சுருளாகக் கிடக்கும் இரும்புத் துருவலைக் கூட்டி அள்ளி, வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். மறுநாள் சக்குக்கும் மோட்டாருக்கும் சந்தனப் பொட்டு. பொரி, கடலை, சுண்டல், வெண்பூசணி. அதே தெரு வீடுகளில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் பலகை மேல் ஏறியிருக்கும். புத்தகத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் கத்தரிக்கோல். மேட்டுப்பாளையம் சாலையைப் பிடித்து இன்னும் வடக்கே போனால் சிறுமுகை. அங்கே குழித்தறியில் நாடாவுக்கும் அச்சுக்கும் அதே சந்தனம், அதே குங்குமம்.

புத்தகமும் ஸ்பேனரும் ஒரே பலகையில் ஏறுவதற்குள் ஒரு சமயக் கொள்கை இருக்கிறது. எழுத்தில் இருக்கும் அறிவும் கையில் இருக்கும் அறிவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அந்தக் கொள்கை. வாத்ஸ்யாயனர் தரும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் கவிதை கட்டுவதும் உண்டு, கதிரில் நூற்பதும் உண்டு, தச்சு வேலையும் உண்டு. முண்டக உபநிடதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சௌனகர் கேட்க, அங்கிரஸ் முனிவர் வித்தைகளை இரண்டாகப் பிரிக்கிறார். அழிவற்றதை அறிவிப்பது மேலான வித்தை, மற்றது கீழானது. அந்தக் கீழான வித்தையின் வரிசையில் முதலில் நிற்பவை நான்கு வேதங்கள். பிறகு இலக்கணம், யாப்பு, சோதிடம். வேதமே அந்தப் படியில் நிற்கும்போது, ஏட்டுக் கல்வி கைத்தொழிலைப் பார்த்து முகம் சுளிக்க நியாயமே இல்லை.

ஆனாலும் சுளித்தது. பூஜை நாளில் ஒன்றாக வைத்ததை மறுநாளே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். ஏடு ஒரு தெருவுக்கும் தறி ஒரு தெருவுக்கும் போயிற்று. யார் எதைத் தொடலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. இன்று பல்கலைக்கழகங்களில் அடிக்கடி அடிபடும் அறிவுப் பரிமாற்றம் என்ற பேச்சுக்கு அடியிலும் இந்தப் பழைய பிரிவினைதான் கிடக்கிறது. நெசவு, சினிமா, இசை, பதிப்பு, பொம்மை, நகை என்று பண்பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விளைந்த அறிவு போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பேச்சில் திசை முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது: அறிவு வளாகத்துக்குள் இருக்கிறது, வெளியே இருப்பது கை. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று கேட்பதற்கே இடமில்லை. அறிவைக் கொடுப்பது தானமா, விற்பனையா, கடன் தீர்ப்பதா என்ற கேள்விக்கும் இடமில்லை.

இந்தக் கேள்வியைத் தமிழில் மிகத் துல்லியமாக எழுப்பியவர் ஓர் இலக்கண ஆசிரியர். பவணந்தி முனிவர் சமணர். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்தவர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம்தான் அவருடைய ஊர் என்று கொங்கு நாட்டார் உரிமையோடு சொல்வார்கள். பக்கத்திலேயே விசயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்ல ஆசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமைகள் வருகின்றன. இவை பள்ளிக்கூடத்தில் பலரும் படித்தவை. ஆசிரியன் ஆகத் தகாதவனுக்குப் பவணந்தியார் தரும் நான்கு உவமைகள்தான் இன்று அதிகம் பயன்படும்.

ஒன்று, கழற்காய் நிறைத்த குடம்: போட்ட வரிசை ஒன்று, கொட்டும்போது வருவது வேறு. இன்னொன்று, மடற்பனை: கருக்கு மட்டையால் யாரையும் ஏறவிடாது, தானாக உதிர்த்தால்தான் பழம். மூன்றாவது, பருத்தி அடைத்த குண்டிகை. வாய் குறுகிய பாத்திரத்தில் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திணிக்க முடியும். எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். பஞ்சாலைகளால் வளர்ந்த கோவை வட்டாரத்தில் இந்த உவமைக்கு உரை தேவையில்லை. நான்காவது, முடத்தெங்கு. வளைந்த தென்னை. ஒருவர் தம் தோட்டத்தில் நட்டு, வேலி கட்டி, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி வளர்க்கிறார். மரம் வேலிக்கு மேலே சாய்ந்து வளர்ந்து, காயை அடுத்தவர் தோட்டத்தில் போடுகிறது.

தண்ணீர் ஊற்றியவர் யார், தேங்காய் பொறுக்கியவர் யார்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியநாயக்கன்பாளையத்தின் கதையைப் பார்க்கலாம்.

திருப்பூரில் 1903-ல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செல்வர் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படித்தவர், விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர், துறவி ஆகாமலே துறவிபோல வாழ்ந்தவர். அவர் 1930-ல் கோவையில் சிறிய அளவில் தொடங்கிய பள்ளிதான் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-ல் காந்தி அடிக்கல் நாட்டினார். அரிசன சேவைக்காகக் காந்தி நாடெங்கும் சுற்றிவந்த காலம் அது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, அறையைக் கூட்டுவதிலிருந்து தோட்ட வேலை வரை தாமே செய்து படித்தார்கள். வளாகத்தில் அவரை அய்யா என்றுதான் அழைத்தார்கள்.

அய்யா பின்பற்றிய விவேகானந்தர் வித்யாதானத்தைப் பற்றி நிறையப் பேசியவர். அன்னதானத்தைவிட அது உயர்ந்தது என்பது அவர் கருத்து. ஆனால் அமெரிக்காவிலிருந்து 1894-ல் சென்னை அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தானம் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார். ஏழைகளின் செலவில் படித்துவிட்டு அவர்களைத் திரும்பிப் பாராத ஒவ்வொருவனையும் துரோகி என்றே கருதுவதாக எழுதுகிறார். இந்த இடம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. தானம் செய்யாதவனை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. கஞ்சன் என்று சொல்வார்கள். வாங்கியதைத் திருப்பித் தராதவனைத்தான் துரோகி என்று சொல்ல முடியும். அப்படியானால் கல்வி கற்றவன் ஊருக்குச் செய்வது தானமாகாது. அது கடனை அடைப்பது.

இந்தக் கடன் கருத்தும் புதிதல்ல. மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சங்கிதை: தேவர்களுக்கு, முன்னோர்களுக்கு, ரிஷிகளுக்கு. ரிஷிகளிடம் பட்ட கடன் கற்பதால் தீரும் என்பது மரபு. ரிஷி என்றால் தாடியும் மரவுரியும் நினைவுக்கு வருகின்றன. கோவை வட்டாரத்து நெசவுச் சமூகமான தேவாங்கர்களைக் கேட்டால் வேறு ஒரு ரிஷியைக் காட்டுவார்கள். உலகம் ஆடையின்றி இருந்தபோது, திருமாலின் உந்தித் தாமரைத் தண்டிலிருந்து நூல் பெற்று முதன்முதல் ஆடை நெய்த தேவலர்தான் அவர்கள் குல முதல்வர். அவரைக் காத்த அம்மனுக்கு விஜயதசமி அன்று கோவை ராஜவீதியில் மார்பிலும் தோளிலும் கத்தி போட்டுக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள். நெசவைக் கண்டவர் ரிஷி என்றால், உடுத்தும் எல்லோரும் அந்த ரிஷிக்குக் கடன்பட்டவர்கள். வளாகத்தில் துணி உடுத்திக்கொண்டு பாடம் நடத்தும் பேராசிரியரும் அதில் சேர்த்திதான்.

வித்யாலயம் இந்தக் கடனைப் பல வழிகளில் அடைக்கப் பார்த்தது. காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பாடத்தோடு ஒட்டவைத்த துணைப்பாடமாக இல்லை; கணக்கும் வரலாறும் அறிவியலும் தக்ளி என்ற நூற்கும் கதிர் வழியாகவே வர வேண்டும் என்றார் அவர். அந்த முறையில் ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளி வித்யாலயத்தில் வந்தது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு கிராமங்களுக்கென்று உயர்கல்வி வேண்டும் என்று சொன்ன பிறகு, நாட்டில் முதலில் தொடங்கிய கிராமிய நிறுவனங்களில் ஒன்று 1956-ல் இங்கே எழுந்தது. அதே 1956-ல் கோவையில் பஞ்சாலைகள் கூடி ஜவுளி ஆராய்ச்சிக்காகச் சிட்ராவைத் தொடங்கின. நூற்பாலை எந்திரங்கள் செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கிற்று; பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்குப் பெரிய ஆலை அமைந்தது. ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே அறிவு போய்வந்த பாதை நன்றாகவே அமைந்தது. காசு வரும் பாதை என்பதால் அதற்கு ஆள் இருந்தது. தறிக்குழியை நோக்கிய பாதைதான் மண்சாலையாகவே கிடந்தது.

ஒரு பாதை மட்டும் இன்று நினைத்தாலும் மலைக்க வைக்கிறது. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன், வித்யாலயத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானதும் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தினார். தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று முடிவானபோது அதன் முதன்மை ஆசிரியர் பொறுப்பு தூரனைத் தேடி வந்தது. கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் போய் உட்கார்ந்தார். இயற்பியல், தாவரவியல், சட்டம், இசை என்று ஆங்கிலத்திலேயே பாடம் நடத்திப் பழகிய அறிஞர்களைத் தமிழில் எழுத வைத்தார். முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். தொகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 750 பக்கம். பிறகு குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதி, 1976 வரை. பல்கலைக்கழக அறிவு ஆங்கில வேலியைத் தாண்டித் தமிழ் படிக்கத் தெரிந்த எவர் வீட்டிலும் விழுந்தது. இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்று நம் மரபு சொல்வதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது. தென்னை சாய்ந்ததால் யாருக்கும் நட்டமில்லை.

தூரனுக்கு இன்னொரு முகம் உண்டு. கொங்கு நாட்டு வயல்களிலும் வீடுகளிலும் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘காற்றில் வந்த கவிதை’. அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. இது நான் எழுதியதல்ல, காற்றோடு வந்தது, பிடித்து வைத்தேன் என்று சொல்லிவிடுகிறார். அவர் திரட்டியிராவிட்டால் அந்தப் பாடல்களில் எத்தனையோ இந்நேரம் மறைந்துபோயிருக்கும். அதற்காகத் தமிழர்கள் அவருக்கு என்றும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பாட்டும் காற்றில் பிறப்பதில்லை. நாற்று நட்டுக்கொண்டோ, தொட்டில் ஆட்டிக்கொண்டோ, இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டோ யாரோ ஒருத்தி பாடினாள். பாட்டைத் திரட்டுவோர் ஏட்டிலும் ஒலிநாடாவிலும் பதிந்துகொண்டார்கள். அது நூலாயிற்று, பாடத்திட்டமாயிற்று, பட்டமாயிற்று. சினிமாப் பாட்டுக்கு மெட்டும் ஆயிற்று. பாடியவளுக்கு என்ன ஆயிற்று?

குறையாதது என்று நாம் கொண்டாடும் அந்தப் பழைய உண்மை இந்த இடத்தில் சிக்குகிறது. அறிவைக் கொடுத்தால் குறையாது என்பது அறிவைப் பொறுத்தவரை சரி. அதை வைத்துச் சோறு உண்பவரைப் பொறுத்தவரை சரியா? பேராசிரியர் தம் அறிவைக் கொடுத்த பிறகும் அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது. நெசவாளியின் கையில் இருக்கும் ஒரே சொத்து அந்த அறிவு. அது ஊர் முழுக்கப் பரவிவிட்டால் அவருக்குத் தெரிந்தது அப்படியே இருக்கும். அடுப்பில் பானை ஏறாது. கொடுத்தால் குறையாது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் கொடுத்தாலும் பசிக்காதவர்கள் என்பதை மரபை மதிப்பவர்கள்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பவானியைப் பார்த்தால் இது தெரியும். காவிரியும் பவானி ஆறும் கூடும் அந்த ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து ஆலைத் துணி வந்து சந்தையை அடித்துக்கொண்டு போனபோது, ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தினர் முரட்டு நூலில் சாயமேற்றி, பட்டை பட்டையாக வண்ணம் வைத்து, ஆலையால் எளிதில் நெய்ய முடியாத ஒரு விரிப்பைக் கண்டுபிடித்தார்கள். பவானி ஜமக்காளம் அப்படி வந்தது. கல்யாண வீட்டில் பந்தல் போட்டதும் முதலில் விரிப்பது அதைத்தான். அது எந்த வடிவமைப்புக் கல்லூரியும் சொல்லித் தந்ததல்ல. பட்டினி வாசலில் நின்றபோது தறிக்குழியில் நடந்த ஆராய்ச்சி அது.

ஜங்கமர் என்ற பெயரே வீரசைவ மரபோடு சேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணரும் அவருடைய தோழர்களும் உடலுழைப்பைக் காயகம் என்று அழைத்து, அதைப் பூஜைக்கு மேலாக வைத்தார்கள். அவர்களுக்கும் முன்னோடியாக விளங்கிய ஜேடர தாசிமய்யா ஒரு நெசவாளி. அவருடைய வசனங்கள் இன்று சமய நூலாகப் படிக்கப்படுகின்றன. தறியில் உட்கார்ந்தபடியே மெய்ப்பொருளைப் பேசலாம் என்பதற்கு மேற்கிலும் வடக்கிலும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் காப்பு கொடுத்தது. 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் பவானி ஜமக்காளம் என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன என்று பவானிக்காரர்கள் ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறார்கள். வடிவம் போய்விட்டது, வண்ண வரிசை போய்விட்டது, பெயரும் போய்விட்டது. தண்ணீர் ஊற்றியது பவானிக் கூடுதுறையில். தேங்காய் விழுந்தது வேறெங்கோ.

சிறுமுகையில் நெய்யும் கோவை கோராப் பட்டுப் பருத்திச் சேலைக்கு 2014-15-ல் புவிசார் குறியீடு வந்தது. பாவு பட்டு, ஊடை பருத்தி. சொல்வதற்கு எளிது. பட்டிழை ஒரு விதமாக நீளும், பருத்தி இழை ஒரு விதமாக நீளும். இரண்டையும் ஒரே தறியில் ஒத்துப்போக வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் பாவின் விறைப்பு ஒரு மாதிரி, பங்குனி வெயிலில் இன்னொரு மாதிரி. குழியின் மண் ஈரம் இழை அறுபடாமல் காக்கிறது. நெய்கிறவர் பாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. நாடா ஓடும் ஓசையில் சிறு பிசிறு கேட்டாலே கால் மிதியில் நின்றுவிடும். விரல் நேராக அறுந்த இழைக்குப் போகும். ஆயிரக்கணக்கான இழைகளில் அந்த ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, விழுதுக்குள் கோத்து, அச்சுப் பல்லில் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நாடாவை மறுபடி அடிப்பார். கணக்கெடுத்தால் ஒரு நிமிடம் ஆகாது. இதை அளக்க, பதிய, பாடமாக்க ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்த இரண்டு நாளும் தறி ஓடாத நேரத்துக்குக் கூலி கிடையாது. ஆய்வேடு முடிந்ததும் நன்றியுரையில் ‘சிறுமுகை நெசவாளர்கள்’ என்று மொத்தமாக ஒரு வரி வரும். அந்த ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நெசவாளியின் கைக்கு வந்தாலும் அவருக்குப் படிக்க எட்டாது. மடற்பனையும் முடத்தெங்கும் ஒரே மரத்தில்!

கடனை அடைக்க முடியும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சான்று உண்டு. கோவைக்கும் அதில் பங்கு இருக்கிறது. அகத்தியர் மலைக் காடுகளில் 1987-ல் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப் போனபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி மக்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டார்கள். கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள், பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து கேரளத்தில் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோவை ஆரிய வைத்திய பார்மசி பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு சதவீதத்துக்கும் பெற்றது. அதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. 1997-ல் காணிகளின் பெயரில் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. காணிகள் எல்லோரும் இதை மனமொப்பி ஏற்கவில்லை. மருந்தறிவு புனிதமானது, விலை வைக்கத் தகாதது என்று சொன்ன வைத்தியர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதை முன்னேற்றத்துக்கு எதிரான பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. விற்கக் கூடாதது சில உண்டு என்ற அந்த எண்ணம் வித்யாதானம் என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. ஆனாலும் நாடெங்கும் பேசப்படும் அறிவுப் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்கு நடுவே, தண்ணீர் ஊற்றியவரின் பெயரை எழுதி வைத்து அவருக்குப் பாதி என்று சொன்னது இது. அந்த வகையில் மதிக்க வேண்டிய முயற்சி.

கையறிவை மதிப்போம் என்று தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் 1953 நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடுவதாக அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கொங்குக்காரர். எதிர்த்தவர்கள் சொன்னது சரி. நெசவாளி மகன் நெசவாளியாகவே இருக்க வேண்டும் என்பதற்கு ‘கைத்தொழிலின் மேன்மை’ என்று அலங்காரப் பெயர் வைத்தால் அது மேன்மையாகிவிடாது. நெசவாளியின் மகள் ஜவுளிப் பொறியியலும் படிக்கலாம், மருத்துவமும் படிக்கலாம், தறிப்பக்கமே திரும்பாமலும் இருக்கலாம். அந்தக் கதவு திறந்திருந்தால்தான் தறியில் தங்குகிறவரின் தேர்வுக்கு மதிப்பு. வித்யாலயத்தின் ஆதாரக் கல்விக்கும் இந்தத் திட்டத்துக்கும் உள்ள தூரம் அங்கேதான். ஒன்றில் எல்லாச் சாதிப் பிள்ளையும் தக்ளியை எடுத்தது. மற்றதில் அவரவர் அப்பனின் கருவியை எடுக்கச் சொன்னார்கள்.

கல்லூரியும் தறியும் சமமாக உட்கார்ந்த தருணங்கள் இல்லாமல் இல்லை. ஐம்பதுகளில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியக் கல்லூரியில் படித்தவர்களை அரசு வேலைக்கு வைத்தது. தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் தலைப்பெழுத்துகளை வரைந்து தந்த ஓவியர் ஆதிமூலம் அப்படி நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான். வரைபடத் தாளில் கட்டம் கட்டமாகப் புட்டாவைப் பிரித்து ஜக்கார்டு அட்டையாக்கும் வேலையில் ஓவியனும் தறிக்காரனும் ஒருவரையொருவர் கேட்காமல் ஓர் அங்குலம் நகர முடியாது. குஜராத்தின் கட்ச் பகுதியில் 2005-ல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா, கைவினைஞர்களைத் தம் தொழிலை விட்டுப் போகாமலே வடிவமைப்பு படிக்க வைத்தது. தம் துணியைத் தாமே வடிவமைத்து, தம் பெயரில் விற்கும் ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது.

ஜெர்மனியில் 1919-ல் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி எல்லா நாட்டு வடிவமைப்புக் கல்விக்கும் முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள்: வடிவம் கற்பிக்க ஓவியர் ஒருவர், தொழில் கற்பிக்கக் கைவினைஞர் ஒருவர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர் அவையில் கைவினைஞருக்கு வாக்குரிமை இல்லை. பிறகு நெசவுப் பட்டறையில் மாணவியாக இருந்த குண்டா ஸ்டெல்ஸல் அதே பட்டறையின் தலைவியானபோதுதான் அந்தப் பட்டறையில் வடிவமும் கையும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் இப்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பட்டம் இல்லாவிட்டாலும் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியராக அமர்த்தலாம் என்று யு.ஜி.சி. 2022-ல் வழிகாட்டு நெறிகள் தந்தது. கைவினைஞரையும் கலைஞரையும் வளாகத்திலேயே தங்கிக் கற்பிக்க அழைக்கலாம் என்று 2023-ல் சொன்னது. கொங்கு நாட்டுக் கல்லூரிகள் இதைப் பயன்படுத்தினால் பவானிப் பெரியவர் ஒருவரும் சிறுமுகை அம்மா ஒருவரும் வகுப்பறைக்கு வரலாம். வந்தால் அவர்களுக்கு நாற்காலி மட்டும் போதாது. பாடத்திட்டக் குழுவில் வாக்கு வேண்டும். ஆய்வேட்டின் முகப்பில் பெயர் வேண்டும், வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும் இடம் வேண்டும். தறி ஓடாத நாளுக்குக் கூலியும், முடிந்த ஆய்வைத் தமிழில் கையில் தரும் வழக்கமும் வேண்டும். இவற்றில் எதுவும் சலுகை கிடையாது. எல்லாம் பாக்கி.

அந்தப் பாக்கியைத் தீர்க்கும் விதத்துக்கு ஓர் உதாரணம் பெரியநாயக்கன்பாளையத்திலேயே, வித்யாலய வளாகத்தில் இருக்கிறது. பேலூர் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் மாற்றுத்திறன் கல்விப் புலம் இங்கே இயங்குகிறது. நாட்டின் பல மாநிலங்களில் காது கேளாதோர் தம் கைகளால் பேசும் சைகைகளைத் திரட்டி, இந்தியச் சைகை மொழிக்கு அகராதி செய்தவர்கள் இவர்கள். ஒரு சொல்லைத் தேடினால் ஒரு மனிதர் அந்தச் சைகையைச் செய்து காட்டுகிறார். யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்களே பார்த்ததும் படிக்கக்கூடிய வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. எழுத்தே தேவையில்லை, கையிலிருந்து வந்தது, கைக்கே போகிறது. சிறுமுகைத் தறிக்காரரின் விரல்கள் அறுந்த இழையைத் தேடிப் போகும் அந்த ஒரு நிமிடத்துக்கும் இப்படி ஓர் அகராதி செய்யலாம். அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லும் பெயர்களோடு, அவர் ஒப்புதலோடு.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும் பலகையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். லேத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். தறிக்காரர் குழிக்குள் காலை இறக்கி, குங்குமம் காய்ந்த நாடாவை எடுத்து, முந்தாநாள் நிறுத்திய ஊடைக்கு அடுத்த ஊடையைப் போடுவார்.